ஆன்சி ஏரிக்கரையும் உங்கள் கடிதங்களும்

போன இதழில் பிரான்சின் ஆன்சி நகரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ஆல்ப்ஸ் மலையடிவாரம், பெரிய ஏரி, வீட்டுக்காரரின் பேரிங் தொழிற்சாலை வேலைக்காக நாங்கள் 11 வருஷம் குடியிருந்த ஊர். அவ்வளவுதான் சொன்னேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் வழக்கமான சமையல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை முழுக்க ஆன்சிதான்.

எங்கள் டிராவல்ஸ்காரர் 'அன்னெசி' என்கிறார். நீங்கள் 'ஆன்சி' என்று எழுதுகிறீர்கள். எது சரி?
வாசகி, ஈரோடு

ஆன்சிதான். நடுவில் ஒரு எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆன்சி இருக்கிற சவோய் வட்டாரம் முழுக்கவே இந்தக் கூத்து உண்டு. ஊர்ப் பெயரின் கடைசியில் ஒரு 'இஸட்' எழுதுவார்கள், சொல்லும்போது விழுங்கிவிடுவார்கள். செம்னோ மலை அப்படி, லா க்ளூசா அப்படி. போன புதிதில் பஸ் டிரைவரிடம் 'செம்னோஸ் போகுமா?' என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். புதுச்சேரி கான்வென்ட்டில் படித்த பிரெஞ்சுக்கு அங்கே பாதி மதிப்பெண்தான்.

எங்களுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஸ்விட்சர்லாந்து போகிறோம். அங்கிருந்து ஒரே நாளில் ஆன்சி பார்த்துத் திரும்ப முடியுமா, அக்கா?
வாசகர், கோயம்புத்தூர்

முடியும் தம்பி. ஜெனீவாவிலிருந்து நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், பஸ் இருக்கிறது. ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும். ஆனாலும் பாஸ்போர்ட்டை ஓட்டலில் விட்டுவிட்டுப் போகாதே, எல்லையில் சில நாள் பார்ப்பார்கள். பிராங்கை வைத்துக்கொண்டு டீக்கடையில் நிற்காதே, அந்தப் பக்கம் யூரோ.

ஒரு நாளில் போகிறவர்களுக்கு என்ன நடக்கும் தெரியுமா? பத்தரை மணிக்கு இறங்குவார்கள். ஏரியிலிருந்து புறப்படும் தியூ என்ற சின்ன ஆறு பழைய ஊருக்குள்ளே ஓடுகிறது. அதன் நடுவில் கப்பல் முனை மாதிரிக் கூராக ஒரு கல் கட்டடம், பலே த லீல். ஆன்சி என்று தேடினால் முதலில் வருகிற படம் அதுதான். அது தெரிகிற பாலத்தில் இருநூறு பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். இடித்துக்கொண்டு ஒரு படம், வரிசையில் நின்று ஒரு ஐஸ்கிரீம், பஸ். 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த வீடு நாணயச் சாலையாக இருந்தது, நீதிமன்றமாக இருந்தது, நெடுங்காலம் சிறையாகவும் இருந்தது. புதுமணத் தம்பதிகள் ஜெயிலுக்கு முன்னால் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

இரண்டு ராத்திரி தங்குங்கள். காலை ஏழு மணிக்கு அதே பாலத்துக்குப் போங்கள். ரொட்டிக் கடை வாசனை, நாய் நடத்துகிற பாட்டி ஒருத்தி, கீழே தண்ணீர். அவ்வளவுதான் இருக்கும். ஆற்றின் அடியில் பாசி சீவி விட்ட கூந்தல் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து அசைவது தெரியும். அப்புறம் பூங்கா வழியாக நடந்தால் காதலர் பாலம் என்று ஒன்று வரும். அதன்மேல் முத்தம் கொடுத்துக்கொண்டால் பிரிய மாட்டார்களாம். அந்த வேளையில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நான் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர். எங்கள் ஊர்க் கண்மாய் சாக்கடையானதைக் கண்ணால் பார்த்தவன். ஐரோப்பாவின் மிகத் தெளிந்த ஏரிகளில் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். மலைத் தண்ணீர் என்பதால் அப்படியா?
வாசகர், மதுரை

ஐயா, எல்லோரும் ஓட்டலைக் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் ஒருவர்தான் சாக்கடையைக் கேட்டிருக்கிறீர்கள். போன இதழில் இடமில்லாமல் விட்டுப்போனது இதுதான்.

மலைத் தண்ணீர் என்பதால் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களின் கழிவெல்லாம் ஏரிக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. கோடையில் விடுதிகள் நிரம்பினால் அந்தக் கணக்கும் கூடும். உங்களுக்குத் தெரியாததில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கழிவில் இருக்கிற பாஸ்பரஸ் பாசிக்கு உரம். பாசி செழித்து வளரும், செத்து அடியில் படியும், அழுகும்போது அங்கே இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஏரியின் அதிகபட்ச ஆழம் 82 மீட்டர். உள்ளே இருக்கிற தண்ணீர் முழுக்க மாறுவதற்குக் கிட்டத்தட்ட 4 வருஷம் ஆகும். அதனால் மேலே நீலமாக மின்னிக்கொண்டிருக்கும்போதே அடியில் மூச்சுத் திணறல் தொடங்கிவிடும். ஆம்ப்ல் ஷெவாலியே என்று அங்கே ஒரு குளிர்நீர் மீன், விலை கேட்டால் மயக்கம் வரும். அது ஆழத்தில் சரளைக் கல் மேல் முட்டையிடுகிற ஜாதி. அடியில் ஆக்சிஜன் இல்லையென்றால் முட்டை பொரியாது.

கரையில் நிற்கிறவனுக்கு இது தெரியாது, மீன் பிடிக்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். அந்த ஊரில் சத்தம் போட்டவர் பால் செர்வெத்தா என்ற டாக்டர், மீன்பிடிப்பில் பைத்தியமாக இருந்தவர். ஏரி செத்துக்கொண்டிருக்கிறது என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார். அப்போது ஆன்சிக்கு மேயராக இருந்த ஷார்ல் போஸோன் காது கொடுத்தார். ஒரு ஊர் மட்டும் செய்து பிரயோசனம் இல்லை, எதிர்க்கரைக்காரன் விட்டால் நம் கரைக்கு வரத்தான் செய்யும். கரையோர ஊராட்சிகள் 1957-இல் ஒரு கூட்டமைப்பு அமைத்தன. ஏரியைச் சுற்றி வளையமாகக் குழாய் பதிப்பது என்று முடிவானது. அறுபதுகளில் தொடங்கிய வேலை எழுபதுகளில்தான் முடிந்தது.

அதில் எனக்குப் பிடித்த விஷயம் இது. கழிவைச் சுத்தம் செய்து ஏரியில் விடுவது அல்ல அவர்கள் திட்டம். சுத்தம் செய்த தண்ணீரும் ஏரிக்குள் வரக் கூடாது. வளையக் குழாய் எல்லாவற்றையும் ஆன்சி ஊரைத் தாண்டிக் கொண்டுபோய், சுத்திகரித்து, ஃபியே என்ற ஆற்றில் விடுகிறது. அது ஏரிக்குள் வந்து சேராமல், ஏரியைவிடத் தாழ்வில் ஓடுகிற ஆறு. வழியில் மேடு பள்ளத்துக்கு பம்ப்பு வைத்துத் தள்ளுகிறார்கள். சுத்திகரிப்பு நிலையம் எங்கே தெரியுமா? க்ரான் ஜெவ்ரியே, நாங்கள் குடியிருந்த பகுதி. ஏரியைப் பார்த்த பங்களாக்காரர்கள் காட்சியை வைத்துக்கொண்டு மிச்சத்தை எங்கள் வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். பிறந்தது ஏரிக்கரையில், செவ்ரியே கிராமம். கல்யாணத்தன்று அவர்கள் வாசலில் இந்தக் குழாய்க்காக ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்களாம். குறுக்கே பலகை போட்டு, வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாமனார் கையைப் பிடித்து நடந்தாராம். "என் கல்யாண ஷூவில் ஏறிய மண் இன்னும் போகவில்லை" என்பார். அவரோடு அந்தச் சாலையில் நடக்கும்போது ஒவ்வொரு இரும்பு மூடியாகக் காட்டுவார், நம் ஊரில் கோயில் காட்டுகிற மாதிரி. மழை பெய்து ஓய்ந்த மறுநாள், பஸ் நிறுத்தத்துப் பக்கத்தில் ஒரு மூடி மேல் நின்றால் காலுக்கடியில் 'கும்' என்று ஓட்டம் கேட்கும்.

ஆன்சி வீடுகளில் குழாயில் வருவது ஏரித் தண்ணீர்தான். 11 வருஷம் அதைத்தான் குடித்தோம்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?
வாசகி, மயிலாப்பூர்

பட்டினி வேண்டாம், ஆனால் ஏமாறாமல் இருக்க வேண்டும். ஊரெங்கும் பலகையில் 'தார்த்திஃப்லெத்' என்று எழுதியிருக்கும். உருளைக்கிழங்கு, வெங்காயம், மேலே சீஸ் உருகி வழிகிற பதார்த்தம். பாட்டி காலத்து மலைச் சமையல் மாதிரி விற்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை, 1980-களில் சீஸ்காரர்கள் பிரபலப்படுத்தியது. உள்ளே பன்றித் துண்டு இருக்கும். என் நாத்தனார் வந்திருந்தபோது ஒரு கடையில் "இறைச்சி வேண்டாம்" என்று அழுத்திச் சொன்னேன். தட்டு வந்தது, துண்டுகள் இருந்தன. திருப்பி அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அதே தட்டு, துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து. தட்டில் ஓரத்துக் கீறல் வரை அதே! நாத்தனார் அன்றைக்கு ரொட்டியும் ஆப்பிளும் சாப்பிட்டார்.

சீஸ் விஷயம் இன்னும் சிக்கல். அந்த மலையின் பெருமை ரெப்லோஷோன் சீஸ். பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற உறைபொருளைச் சேர்ப்பார்கள். சுத்த சைவம் என்றால் அதைத் தொடக் கூடாது. காய்ச்சாத பாலில் செய்வது என்பதால் கர்ப்பிணிகளும் தொட வேண்டாம்.

சாப்பிடுகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில், தோன் என்ற ஊரைச் சுற்றி, முன் காலத்தில் எத்தனை பால் கறக்கிறதோ அத்தனைக்கு நிலச்சொந்தக்காரருக்குக் குத்தகை. அளக்க வருகிற நாளில் குடியானவன் பாதியில் நிறுத்திக்கொள்வான். அளந்தவர் போனதும் மறுபடி கறக்க உட்காருவான். பின்னால் வருகிற பாலில் கொழுப்பு அதிகம். அந்தத் திருட்டுப் பாலில் செய்த சீஸ்தான் இது. மறுபடி கறப்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில் இருந்த சொல்லே பெயராகிவிட்டது. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில் பழைய ஊரில் சந்தை கூடும். சீஸ் வட்டத்தின் மேல் பச்சை வில்லை ஒட்டியிருந்தால் பண்ணையிலேயே செய்தது, சிவப்பு என்றால் பால் நிலையத்தில் செய்தது. பச்சையை வாங்குங்கள். ஓட்டல் அறை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், வாடை ரூம் மாறினாலும் கூடவே வரும்.

ஆன்சியில் இறங்கினால் பனிச்சறுக்கு விளையாடலாமா?
வாசகர், ஓசூர்

ஊருக்குள் இல்லை. ஏரி இருப்பது சுமார் 447 மீட்டர் உயரத்தில்தான், ஊட்டியைவிட எவ்வளவோ கீழே. பெரிய சறுக்கு மைதானங்கள் லா க்ளூசா, கிரான் போர்னான் பக்கம், சுமார் 30 கிலோமீட்டர். 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்கு ஆன்சி போட்டி போட்டது. 2011-இல் நடந்த வாக்கெடுப்பில் தென்கொரியாவின் பியோங்சாங்குக்கு 63, மியூனிக்குக்கு 25, ஆன்சிக்கு 7. மறுநாள் ஊரில் யாரும் அழுததாகத் தெரியவில்லை. வாடகை ஏறாது என்று எங்கள் மாடியில் சந்தோஷம்தான்.

நான் சென்னையில் அனிமேஷன் படிக்கிறேன். ஆன்சி விழாவுக்குப் போவது என் கனவு. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, ஆன்ட்டி?
வாசகர், சென்னை

பார்த்திருக்கிறேன் கண்ணு. என் மகன் இழுத்துக்கொண்டு போனான். 'பொம்மைப் படத்துக்கு நான் எதற்கு' என்றுதான் போனேன்.

கான் திரைப்பட விழாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அனிமேஷன் 1960-இல் தனியாகப் பிரிந்து வந்து ஆன்சியில் குடியேறியது. இப்போது வருஷா வருஷம் ஜூனில், உலகத்தில் இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் வருகிறார்கள். கூடவே மிஃபா என்ற வியாபாரச் சந்தை, 1985-இலிருந்து நடக்கிறது. வேலை தேடுகிறவன் என்றால் படத்தைவிட அதுதான் உனக்கு முக்கியம். மாணவர்களுக்குத் தனிச் சீட்டு உண்டு.

அரங்கத்துக்குள் உட்கார்ந்தால் படம் தொடங்கும் முன் காகித ராக்கெட் பறக்கும். வழுக்கைத் தலை தயாரிப்பாளர் முதல் உன்னை மாதிரிப் பையன் வரை எல்லோரும் மடித்து மடித்து வீசுவார்கள். ஒன்று மேடையைத் தொட்டுவிட்டால் கூரை பிய்கிற மாதிரிக் கைதட்டல். திரையில் முயல் தெரிந்தால் மொத்த அரங்கமும் "லாபான்!" என்று கத்தும். பிரெஞ்சில் முயல். அன்றைக்கு ஒரு ராக்கெட் என் கொண்டையில் குத்தி நின்றது. எடுக்காமல் படம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். மகனுக்கு மானம் போயிற்று.

காசில்லாத நாளில் பாக்கியே மைதானத்துக்குப் போ. ஏரிக்கரைப் புல்வெளியில் பெரிய திரை கட்டி இலவசமாகப் போடுவார்கள். ஜூனில் இருட்டவே பத்து மணி ஆகும், அப்புறம்தான் படம். கீழே விரிக்க ஏதாவதும், ஒரு சால்வையும் எடுத்துக்கொள். அந்த வாரத்துக்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடு.

பிரான்சிஸ் சலேசியாரின் உடல் அங்கேதான் இருக்கிறது என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். உண்மையா?
வாசகி, தூத்துக்குடி

உண்மை. ஊருக்கு மேலே குன்றில் விசித்தாசியோன் பசிலிக்கா. ஏறும்போது மூச்சு வாங்கும். உள்ளே அவரும், அவரோடு சேர்ந்து 1610-இல் விசித்தாசியோன் என்ற துறவியர் சபையைத் தொடங்கிய ழான் த ஷாந்தால் அம்மையாரும் இருக்கிறார்கள். ஜெனீவாவுக்கு ஆயர் அவர். ஆனால் ஜெனீவா கால்வின் என்ற சீர்திருத்தக்காரரின் புராட்டஸ்டன்ட் பக்கம் போய்விட்டதால் அங்கே குடியிருக்க முடியாமல் ஆன்சியில் இருந்துகொண்டே ஆயராக இருந்தார். பிரசங்கம் கேட்க ஆள் வராத இடத்தில் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வருவாராம். அதனால்தான் 1923-இல் பத்திரிகையாளர்களுக்கு அவரைப் பாதுகாவலராக அறிவித்தார்கள். எங்கள் ஆசிரியருக்கு ஒரு படம் வாங்கி வந்தேன், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

டான் போஸ்கோ தன் சபைக்கு 'சலேசியர்' என்று பெயர் வைத்தது இவர் நினைவாகத்தான். அந்த சலேசியர்கள் இந்தியாவில் முதலில் வந்து இறங்கியது 1906-இல், நம் தஞ்சாவூரில்.

வயது 62. லேசாக முட்டிவலி. ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டலாமா?
வாசகர், திருச்சி

முழுச் சுற்று சுமார் 40 கிலோமீட்டர். மேற்குக் கரை மட்டும் என்றால் தாராளமாக ஓட்டலாம். முன்பு ஆல்பெர்வில் போன ரயில் பாதையைத்தான் சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள், ரயில் ஏறாத மேட்டில் நீங்களும் ஏற வேண்டியதில்லை. துவான் என்ற ஊரில் பழைய ரயில் குகைக்குள்ளேயே நுழைந்து வெளியே வரலாம். உச்சி வெயிலிலும் உள்ளே ஜில்லென்று இருக்கும், மேல் துண்டு ஒன்று வேண்டும். கிழக்குக் கரையில் மேடு உண்டு. முட்டி உங்களுடையது, நான் சொல்ல மாட்டேன்.

சைக்கிள் எடுக்கும்போதே நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாடகைக் கடையில் எனக்கு முன்னாலேயே இருந்த கீறலுக்கு என்னிடம் 40 யூரோ வாங்கிவிட்டார்கள். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

துவானுக்கு நேர் எதிர்க்கரையில் தலுவார். 1896 கோடையில் ஓவியர் செசான் அங்கே தங்கியிருந்தார். பொழுது போகவில்லை என்று நண்பருக்குக் கடிதம் எழுதிவிட்டு, பொழுதுபோக்க வரைந்த ஏரிப் படம் இப்போது லண்டனில் கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் தொங்குகிறது. படத்தில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரிகிற கோட்டை துவானுடையது.

இவ்வளவு அழகான ஊரை விட்டுவிட்டு ஏன் திரும்பி வந்தீர்கள்?
வாசகி, காரைக்கால்

காலண்டரில் நீங்கள் பார்ப்பது ஜூலை மாதம். நவம்பரில் ஏரிக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மூடி விழும். வாரக்கணக்கில் எடுக்க மாட்டார்கள். வெயில் வேண்டும் என்றால் செம்னோ மேல் போக வேண்டும், 1,699 மீட்டர். காரில் மேகத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து ஏறி, ஒரு திருப்பத்தில் திடீரென்று வெளியே வந்தால் கண் கூசும். கீழே ஊரும் ஏரியும் காணாமல் போய் வெள்ளைக் கடல். தூரத்தில் மோன் பிளான் சிகரம்.

எல்லோரும் அங்கே படம் எடுப்பார்கள். நான் வடகம் காயவைப்பேன். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம் எல்லாம் இடித்து உருட்டிய தாளிப்பு வடகத்தைத் தட்டில் பரப்பி, கார் பானெட் மேல் வைத்துவிட்டு பிளாஸ்க் காப்பியோடு உட்காருவோம். ஒரு தடவை ஒரு பிரெஞ்சு அம்மாள் முகர்ந்து பார்த்துவிட்டு "ஆ, வதுவான்!" என்றார். நம் வடகத்தைத்தான் அவர்கள் சின்ன சீசாவில் அடைத்து அந்தப் பெயரில் விற்கிறார்கள். இரண்டு உருண்டை கொடுத்தேன். மூன்று மணிக்கே குளிர் வந்துவிடும், பாதி காய்ந்ததைத் திரும்பக் கொண்டுபோய் ஹீட்டர் மேல் வைக்க வேண்டும். ஒரு வாரம் காரும் வீடும் வெங்காய வாடை.

ஓய்வு பெற்ற வருஷம் வீட்டுக்காரர் கேட்டார், "வடகத்துக்கு வெயில் காட்ட மலை ஏறணுமாடி?" என்று. டிக்கெட் எடுத்தோம்.

இப்போது புதுச்சேரி மொட்டை மாடியில்தான் காய்கிறது. காக்காய்க்குப் பயந்து பக்கத்திலேயே குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.